எம்.டி. ரேடியேஷன் ஆன்காலஜி: கோபால்ட் மட்டும் உள்ள கல்லூரியில் சேரலாமா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நீட் பி.ஜி. கலந்தாய்வில் இரண்டாம் சுற்றில் நிற்கிறேன். ரேடியேஷன் ஆன்காலஜிதான் (கதிர்வீச்சால் புற்றுநோய் வைத்தியம்) என்று முடிவு செய்துவிட்டேன். வேறு எதுவும் கிடைக்காமல் இதற்கு வரவில்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது மெடிசின் வார்டில் ஒரு பெரியவர். புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவித் தண்டுவடத்தை அழுத்தியிருந்தது. காலில் வலுக் குறைந்து, நிற்க முடியாமல் வந்தார். டெக்சாமெத்தசோன் போட்டு, ராத்திரி எட்டு மணிக்கு நான்தான் அவரை ஸ்ட்ரெச்சரில் கதிர்வீச்சுப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மெஷினைத் திறந்து 8 கிரே (கதிர் டோஸின் அலகு), ஒரே தடவை. பத்து நாள் கழித்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே கழிவறைக்கு நடந்து போனார். அன்றைக்கு முடிவு செய்தது.

இப்போது கையில் இரண்டு வழி. ஒன்று, அரசு மருத்துவக் கல்லூரி: ஒரு கோபால்ட் மெஷின் (கதிரியக்கக் கோபால்ட்டிலிருந்து வெளிக்கதிர் தரும் பழைய வகை), ஒரு எச்.டி.ஆர். பிரேக்கிதெரபி (கதிர் மூலத்தை உடலுக்குள் சில நிமிஷம் செலுத்திக் கொடுப்பது), ஓ.பி.யில் கூட்டம் தாங்காது. லினாக் (மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் மெஷின்) வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம்: இரண்டு லினாக், ஐ.எம்.ஆர்.டி. (கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரை அமைப்பது), ஐ.ஜி.ஆர்.டி. (படம் பார்த்துக் குறிவைப்பது) எல்லாம் உண்டு. ஆனால் நோயாளிகள் குறைவு. ஃபீஸ் கட்டக் கடன் வாங்கவேண்டும். "லினாக் தெரியாமல் வெளியே வந்தால் வேலை கிடைக்காது" என்று சீனியர் ஒருவர் சொன்னதிலிருந்து தூக்கமில்லை. அம்மா இன்னும் நான் ஸ்கேன் எடுக்கிற டாக்டர் ஆகப்போகிறேன் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்கிறார்கள். படித்தவர்கள் வழி காட்டுங்கள்.

குமரி_டாக்

மார்க் இருந்தால் ரேடியோ டயக்னோசிஸ் (ஸ்கேன், எக்ஸ்ரே பார்க்கும் துறை) வரை காத்திருக்கலாமே தம்பி? இதில் தனியாக கிளினிக் போட முடியாது. மெஷின் இருக்கிற இடத்தில்தான் நாம் இருக்கமுடியும். யோசித்துக்கொள்ளுங்கள்.

கதிர்மாலா

தம்பி வைகைக்கரை, பதினாறு வருஷமாக இந்தத் துறையில் இருக்கிறேன். படித்தது கோபால்ட் மட்டும் இருந்த அரசுக் கல்லூரியில். இப்போது வேலை செய்வது லினாக்கில். இரண்டையும் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்: மெஷினைப் பார்த்து இடத்தை எடுக்காதீர்கள். இரண்டே விஷயம் கேளுங்கள். அங்கே பிரேக்கி வாரத்துக்கு எத்தனை, அதைப் பி.ஜி. தன் கையால் செய்கிறாரா? நீங்கள் போட்ட கான்டூரை (சி.டி. படத்தில் கட்டியையும் உறுப்புகளையும் சுற்றி வரையும் கோடு) யாராவது பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறார்களா?

முதலில் பிரேக்கி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் நம் ஊர் ஓ.பி.யில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். வெளிக்கதிர்வீச்சு 25 தடவையில் 45 முதல் 50 கிரே, கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின். அதோடு நிறுத்தினால் பாதி வைத்தியம்தான். உள்ளே அப்ளிகேட்டர் (மூலம் ஓடும் குழாய்) வைத்துக் கொடுக்கும் டோஸ்தான் கட்டியை முடிக்கிறது. அதை எந்த மென்பொருளும் உங்களுக்காகச் செய்து தராது.

என் முதல் கேஸ் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஸ்பைனல் மயக்கம் கொடுத்தாயிற்று. டேண்டத்தை (கர்ப்பப்பைக்குள் போகும் குழாய்) விட்டேன், இரண்டு ஓவாய்டையும் (கர்ப்பப்பை வாயின் இரு பக்கமும் நிற்பவை) வைத்துப் பூட்டினேன். பேக்கிங் என்றால் காஸ் துணியைத் திணிப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் மேடம் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "முதல்ல பின்பக்கம் வை. மலக்குடல் தள்ளிப் போகணும். அப்புறம் முன்பக்கம், பிளாடருக்கு. ஓவாய்டுக்கு மேல காஸ் ஏறிச்சுன்னா அப்ளிகேட்டரே கீழ இறங்கிடும்." தலையாட்டிவிட்டு நான் வைத்தது வைத்தபடி முடித்தேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் மலக்குடல் புள்ளியில் டோஸ் எல்லையைத் தாண்டி நிற்கிறது. மேடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. "பிரி, மறுபடி வை" என்றார். இரண்டாவது தடவை பக்கத்தில் நின்று, ஒவ்வொரு மடிப்பும் எங்கே போகிறது என்று பார்த்தார். எல்லைக்குள் வந்தது. அதே நோயாளி, அதே டேண்டம், மாறியது காஸ் இருந்த இடம் மட்டும். தூரத்தின் இருமடி விதியைப் பன்னிரண்டாம் வகுப்பில் படித்திருக்கிறோம். மூலத்திலிருந்து 1 செ.மீ.யில் இருப்பது 2 செ.மீ.க்குத் தள்ளிப் போனால் டோஸ் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். அன்றைக்குத்தான் அது எனக்குப் புரிந்தது.

அந்த அம்மாவுக்கு மறுபடி மயக்கம் கொடுக்காமல் அதே ஸ்பைனல் நேரத்துக்குள் முடித்தோம். மூன்று வருஷத்தில் இருநூறுக்கு மேல் செய்திருப்பேன். ஐ.எம்.ஆர்.டி.யை எம்.டி. முடித்து ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டேன். பிரேக்கி தெரியாமல் எம்.டி. முடித்து வந்தவர்கள் அதைப் பிறகு கற்றுக்கொண்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த வயதுக்கு மேல் யாரும் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லித் தருவதில்லை.

கான்டூர் பற்றி நாளை எழுதுகிறேன். ஓ.பி. இருக்கிறது.

பொன்னி_ஆன்கோ

மாலா மேடம் சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். மீதிக்கு இல்லை.

தலை-கழுத்துக் கேஸை எடுத்துக்கொள்ளுங்கள். கோபால்ட்டில் இரண்டு பக்கவாட்டுப் புலம் (கதிர் விழும் பரப்பு) வைத்தால் இரண்டு பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியும் உள்ளே விழும். கட்டி போய்விடும். நோயாளி பிழைத்துவிடுவார். அப்புறம் ஆயுசுக்கும் வாயில் எச்சில் ஊறாது. என்னிடம் ஃபாலோ அப்புக்கு வரும் ஒரு லாரி டிரைவர் எட்டு வருஷமாகத் தண்ணீர் பாட்டில் இல்லாமல் ஒரு வாய் சோறு விழுங்கியதில்லை. ராத்திரி மூன்று தடவை எழுந்து வாயை நனைத்துக்கொள்கிறார். ஐ.எம்.ஆர்.டி.யில் ஒரு பக்கப் பரோட்டிட்டையாவது சராசரி 26 கிரேக்குக் கீழே வைத்திருக்க முடிந்திருந்தால் அவர் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆகவே "மெஷினைப் பார்க்காதே" என்று ஒரு பையனிடம் சொல்வது சரியில்லை. மூன்று வருஷம் அவன் கண் எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதுதான் அவனுக்கு இயல்பாகத் தோன்றும். எலும்பு அடையாளம் வைத்துப் புலம் போட்டுப் பழகியவனுக்கு கழுத்து நிணநீர் முடிச்சு மட்டங்களைச் சி.டி.யில் ஸ்லைஸ் ஸ்லைஸாக வரையச் சொன்னால் கை ஓடாது. ஸ்டீரியோடாக்டிக் (சிறு கட்டிக்கு மிகத் துல்லியமாகக் கொடுக்கும் அதிக டோஸ்), மூச்சுக் கட்டுப்பாட்டோடு இடது மார்பகம், இதெல்லாம் இன்று சாதாரண வேலை. கோபால்ட்டில் 10 செ.மீ. ஆழத்துக்கு 56% தான் போகும், 6 எம்.வி. லினாக்கில் 67% என்று வைவாவில் சொல்லி மார்க் வாங்கலாம். அந்த வித்தியாசத்தை பிளானில் பார்த்தவனுக்கும் புத்தகத்தில் படித்தவனுக்கும் வேறுபாடு உண்டு.

பழைய_டி.எம்.ஆர்.டி.

நான் 1980களின் கடைசியில் படித்தவன். அப்போது பிரேக்கிக்குச் சீசியம் மூலம். அப்ளிகேட்டரோடு அம்மாக்கள் ஒரு நாளுக்கு மேல் அசையாமல் படுத்திருக்கவேண்டும். நர்ஸ்கள் வாசலில் நின்றபடி பேசிவிட்டுப் போவார்கள். இன்றைக்கு எச்.டி.ஆரில் சில நிமிஷத்தில் முடிகிறது. அந்தத் தனிமையைப் பார்த்தவர்களுக்கு எச்.டி.ஆரின் அருமை தெரியும்.

தம்பியின் அம்மா சொல்வதில் பிசகில்லை. சென்னையில் பர்னார்டு இன்ஸ்டிட்யூட் 1934இல் தொடங்கியபோது படம் எடுப்பதும் கதிரால் வைத்தியம் செய்வதும் ஒரே கூரையின் கீழ்தான். எங்கள் தலைமுறைக்கு முன்னால் ஒரே டாக்டர் இரண்டும் பார்த்தார். அம்மாவிடம் "ஸ்கேனில் தெரியும் கட்டியைக் கரைக்கிற டாக்டர்" என்று சொல்லிப் பாருங்கள்.

இயற்பியல்_மணி

நான் மருத்துவ இயற்பியலாளர். டாக்டர்கள் சண்டைக்குள் வரலாமா தெரியவில்லை, ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும்.

கோபால்ட்டில் படித்த பி.ஜி.க்களுக்குக் கணக்கு நன்றாக வரும். மூலத்தின் அரையாயுள் 5.27 வருஷம். மாதம் ஏறக்குறைய 1% குறையும். புது மூலத்தில் 2 நிமிஷம் ஆகிற ட்ரீட்மென்ட் ஐந்து வருஷம் கழித்து 4 நிமிஷம். முதுகு வலியோடு படுத்திருக்கிறவருக்கு அந்த 2 நிமிஷம் பெரிசு. இதைக் கையால் கணக்குப் போட்ட பி.ஜி., பிறகு கம்ப்யூட்டர் ஒரு எண்ணைத் துப்பும்போது "இது சரியாக இருக்குமா?" என்று கேட்பார். கேட்கிற பழக்கம்தான் எங்களுக்கு வேண்டும்.

முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் நடந்தது. இடுப்புப் பகுதி பிளான். சி.டி. எடுத்தபோது வைத்த புள்ளியிலிருந்து ஐசோசென்டர் (கதிர்கள் சந்திக்கும் மையம்) 3 செ.மீ. இடப்பக்கம் நகரவேண்டும். காகிதத்தில் வலம் என்று எழுதியாயிற்று. நான் உட்பட மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தோம். முதல் நாள் செட்டப்புக்கு இரண்டாம் வருஷ பி.ஜி. உள்ளே வந்தார். லைட் ஃபீல்டு (கதிர் விழும் இடத்தைக் காட்டும் வெளிச்சம்) தழும்புக்கு எதிர்ப்பக்கம் விழுவதைப் பார்த்து, "சார், ஒரு நிமிஷம், ஆபரேஷன் பண்ணது இந்தப் பக்கம்தானே?" என்றார். பீம் போடுவதற்கு முன்னால் நிறுத்தினோம். கேஸ் ஷீட்டை எழுதியவரும் நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவரும் அவர்தான். அதனால்தான் கண்டுபிடித்தார். மெஷினின் விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தம்பி எங்கே சேர்ந்தாலும் வாரம் ஒரு நாள் காலை ஏழரைக்கு கியூ.ஏ.வுக்கு (மெஷினின் தரச் சோதனை) வந்து நில்லுங்கள். லேசர் எங்கே விழுகிறது, அவுட்புட் 3 சதவீதத்துக்குள் இருக்கிறதா, கதவைத் திறந்தால் பீம் நிற்கிறதா. அரை மணி நேரம்தான். பி.ஜி. வந்தால் நாங்கள் விரட்டமாட்டோம், காபியும் உண்டு.

செல்வி_கும்பகோணம்

நான் டாக்டர் இல்லை. அம்மாவுக்கு மூணு வருசம் முன்னாடி கர்ப்பப்பை வாயில் வந்து, பெரிய ஆஸ்பத்திரியில கரண்டு வச்சாங்க. எங்க ஊர்ல எல்லாரும் கரண்டு வைக்கிறதுன்னுதான் சொல்வாங்க. அம்மா ஷாக் அடிக்கும்னு நெனச்சு மொத நாள் செருப்பைக் கழட்ட மாட்டேன்னுட்டாங்க. ஒரு படிக்கிற டாக்டர் பொண்ணு, எங்க அக்கா மக வயசு இருக்கும், உள்ள கூட்டிட்டுப் போயி அந்த மேசையில தான் ஒரு தடவை படுத்துக் காட்டுச்சு. "இவ்ளோதாம்மா, எக்ஸ்ரே எடுக்கற மாதிரி, ஒண்ணும் தெரியாது."

மூணாவது வாரம் வயித்தால போயி அம்மா ஓஞ்சிட்டாங்க. "இனி வேணாம், செத்தா சாவுறேன்"னு ஒரு திங்கக்கிழமை பஸ் ஏறல. பத்து மணிக்கு அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. திட்டல. என்ன சாப்பிட்டாங்க, எத்தன தடவ போச்சு, ஒண்ணுக்கு சரியா போகுதான்னு கேட்டு, மாத்திரை பேரச் சொல்லி, நாளைக்குக் கண்டிப்பா வரணும், ஒரு நாள் தள்ளினாலும் கட்டிக்குத்தான் லாபம்னு சொல்லுச்சு. மறுநாள் போனோம். அம்மா இப்ப நல்லா இருக்காங்க. பெரிய டாக்டர் பேரு எனக்கு மறந்துபோச்சு, அந்தப் பொண்ணு பேரு மறக்கல. தம்பி நீங்க எங்க படிச்சாலும் அந்த போனைப் பண்ணுங்க.

கதிர்மாலா

செல்வி அம்மா எழுதியதைப் படித்தபின் நான் எழுத நினைத்த கான்டூர் விஷயம் சின்னதாகத் தெரிகிறது. எல்லாரும் கவனியுங்கள்: கர்ப்பப்பை வாய் கேஸில் வெளிக்கதிரும் பிரேக்கியும் சேர்த்து 8 வாரத்துக்குள் முடியவேண்டும் என்று பரீட்சையில் எழுதுகிறோம். அதற்கு மேல் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு கிட்டத்தட்ட 1% குறைகிறது என்றும் எழுதுகிறோம். அந்த 1 சதவீதத்தைத்தான் அந்தப் பெண் போனில் காப்பாற்றியிருக்கிறாள். வாராந்திர ரிவ்யூ என்பது பி.ஜி.யின் வேலைதான். எடை, ஹீமோகுளோபின், தோல், வாய்ப்புண், யார் வரவில்லை. ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போனால் ரத்தத்துக்கு அலைவதும் பி.ஜி.தான்.

பொன்னி சார், உங்கள் லாரி டிரைவர் பற்றி எனக்கு மறுப்பு இல்லை. என்னிடமும் அப்படிப் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். லினாக் இருந்தும் கான்டூரைப் பி.ஜி. வரைந்துவிட்டுப் போக, இரவோடு இரவாக கன்சல்டன்ட் அழித்து மாற்றி பிளானுக்கு அனுப்பிவிடும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஏன் மாற்றினார் என்று பி.ஜி.க்குத் தெரியாது. மூன்று வருஷம் முடிந்தும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்து லினாக்கால் அவனுக்கு என்ன லாபம்? எங்கள் பேராசிரியர் வெள்ளிக்கிழமை மதியம் எங்களை உட்காரவைத்து அச்சடித்த சி.டி. ஃபிலிமில் கிரீஸ் பென்சிலால் வரையச் சொல்வார். கழுத்தில் எங்கே தமனி, எங்கே சிரை, முடிச்சு எதன் பின்னால் ஒளியும் என்று கேட்டுக் கேட்டு வரைவார். அந்தக் கண்ணோடுதான் பிறகு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

பொன்னி_ஆன்கோ

அது நியாயம். திருத்திச் சொல்லித் தராத இடத்தில் லினாக் இருந்து பயனில்லை. நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்: கோபால்ட் கல்லூரி என்றால், லினாக் உள்ள மையத்துக்கு எக்ஸ்டர்னல் போஸ்டிங் அனுப்புகிறார்களா, எத்தனை மாதம் என்று கேட்டுவிட்டுச் சேரட்டும். கதிர்வீச்சு டாக்டர்களின் சங்கமான ஏ.ஆர்.ஓ.ஐ.யும் அதன் கல்விப் பிரிவான ஐ.சி.ஆர்.ஓ.வும் பி.ஜி.க்களுக்கு நடத்தும் வகுப்புகளுக்கும் போகட்டும். அரசு மருத்துவமனைகளுக்கும் லினாக் வந்துகொண்டுதான் இருக்கிறது, அவன் படிக்கும்போதே வந்து இறங்கலாம். புது மெஷின் நிறுவிச் சோதிப்பதை உடனிருந்து பார்ப்பது எல்லாருக்கும் வாய்க்காது.

நித்யா_எம்பிபிஎஸ்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதில் ஆசை. கல்யாணம் ஆகிவிட்டது. மூன்று வருஷத்துக்குள் குழந்தை என்றால் இந்தத் துறையில் ஆபத்தா? வீட்டில் இதையே சொல்லிப் பயமுறுத்துகிறார்கள்.

இயற்பியல்_மணி

மேடம், தயங்காமல் வாருங்கள். எச்.டி.ஆரில் மூலம் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் இருக்கும். நீங்கள் அப்ளிகேட்டர் வைக்கும்போது அதில் கதிர்வீச்சே கிடையாது. எல்லாரும் வெளியே வந்து கதவை மூடிய பிறகுதான் மூலம் ஓடும். வெளிக்கதிரும் அப்படியே. டி.எல்.டி. பேட்ஜை (நம் மேல் பட்ட கதிரை அளப்பது) மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிப் பார்க்கிறோம். கர்ப்பம் உறுதியானதும் கதிர்ப்பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள், அதற்குப் பிறகு கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாமல் வேலையை மாற்றி அமைப்பது அவர் பொறுப்பு. எக்ஸ்ரே எடுக்கும்போது அறைக்குள் நிற்காதீர்கள். கீமோ மருந்து கலக்கும் இடத்துக்கும் அந்த மாதங்களில் போகாதீர்கள். நம் ஊரில் கதிர்வீச்சு டாக்டர்தான் பல இடங்களில் கீமோவும் பார்க்கிறார், அதை யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

வைகைக்கரை

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இந்தக் கேள்விகளையெல்லாம் யாரிடம் கேட்பது? துறைத்தலைவரிடம் போய்க் கேட்டால் தவறாக நினைப்பாரா?

கதிர்மாலா

துறைத்தலைவரிடம் வேண்டாம், இரண்டாம் வருஷ பி.ஜி.யிடம் கேளுங்கள். முதல் வருஷத்துக்காரருக்கு இன்னும் தெரியாது, மூன்றாம் வருஷத்துக்காரர் தீசிஸிலும் பரீட்சையிலும் மூழ்கியிருப்பார். லாக் புக்கைக் காட்டச் சொல்லுங்கள், "உதவினார்" என்று எத்தனை, "செய்தார்" என்று எத்தனை என்று எண்ணுங்கள். மதியம் மூன்று மணிக்குப் போய் பிளானிங் அறையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மூன்று மாத டிஸ்ட்ரிக்ட் ரெசிடென்சியை எப்படிக் கழித்தார்கள் என்றும் கேளுங்கள். மெஷின் இல்லாத மாவட்ட மருத்துவமனையில் நமக்கு என்ன வேலை என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். மார்ஃபின் எழுதவும், வினிகர் தடவிக் கர்ப்பப்பை வாயைச் சோதிக்கவும் அங்கேதான் நேரம் கிடைக்கும். நம்மிடம் நான்காம் நிலையில் வருகிறவர்கள் எந்தக் கதவிலிருந்து திரும்பிப் போனார்கள் என்பதும் அங்கேதான் தெரியும்.

வைகைக்கரை (ஏழு வாரம் கழித்து)

அரசுக் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டேன். மேடம் சொன்னபடி இரண்டாம் வருஷ அக்காவின் லாக் புக்கைப் பார்த்தேன். பிரேக்கி நூற்றுப் பத்து, அதில் தானே செய்தது எண்பதுக்கு மேல். கடைசி வருஷத்தில் மூன்று மாதம் லினாக் மையத்துக்கு அனுப்புகிறார்களாம். லினாக் பங்கருக்குப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், தினமும் அதைச் சுற்றித்தான் ஓ.பி.க்குப் போகிறேன்.

நேற்று முதன்முதலாக ஒரு நோயாளிக்கு நானே மாஸ்க் (சிகிச்சையின்போது தலை அசையாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் அச்சு) போட்டேன். நாக்குப் புற்றுநோய், ஐம்பது வயது, கொத்தனார். வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்த ஷீட் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, டெக்னீஷியன் அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இழுத்து முகத்தில் பதித்ததும் அவர் இரண்டு கையும் மேசையை இறுகப் பற்றிக்கொண்டன. செல்வி அக்கா எழுதியது ஞாபகம் வந்தது. அவர் கையின் மேல் என் கையை வைத்து, "மூக்கு வழியா மூச்சு விடுங்கண்ணே, கையைத் தூக்கினா உடனே கழட்டிருவோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஷீட் ஆறும்வரை விடவில்லை. கழற்றினதும், "சாந்து காயற வரைக்கும் பலகையைப் பிடிச்சிருக்கற மாதிரிதான் தம்பி" என்றார்.

அம்மாவுக்குத் துறையின் பேர் சரியாக வந்துவிட்டது.

கதிர்மாலா

நல்லது தம்பி. அவர் எடையை இன்றைக்கே கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள். ஒவ்வொரு திங்களும் பாருங்கள். மூன்றாவது வாரம் வாய்ப்புண் வந்து சாப்பாடு குறையும், கன்னம் வற்றும், மாஸ்க் லூஸாகும். தாடைக்கும் மாஸ்க்குக்கும் நடுவே விரல் நுழைந்தால் மறுபடி மாஸ்க் போட்டு மறுபடி சி.டி. எடுக்கச் சொல்லுங்கள். மூக்குக் குழாய் வைக்க அவர் சம்மதிப்பாரா என்று இப்போதே பேசிவையுங்கள், புண் வந்தபிறகு பேச அவரால் முடியாது.